பிடிபட்ட மெயிலுக்கு ஒரு கேக்

அதைத்தான் நானும் சொல்கிறேன் செல்வி, உன் மகள் ஒன்றும் ஊரில் நடக்காததைச் செய்துவிடவில்லை. அந்த மாதிரிக் கம்பெனிகளில் வேலையை விடுவதற்குப் ‘பேப்பர் போடுவது’ என்று பெயர். பால்காரன் வீட்டுக்கு வீடு பாக்கெட் போடுவதுபோல அங்கே யாராவது ஒருவர் பேப்பர் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் அங்கே டீ வண்டி தள்ளிய காலம் முழுக்க அதைப் பார்த்தவள். நீ எதிர்வீட்டிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து, “யக்கா, நல்ல வேலைன்னு தெருவெல்லாம் மிட்டாய் குடுத்தேனே, அதுக்குள்ள விடப்போறேங்காளே” என்று உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோபித்துக்கொள்ளாதே. மிட்டாய் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் நெய் வாசனை குறைவு.

இந்தா, இந்த முருங்கைக் கீரையைக் கொஞ்சம் உருவிக் கொடு. நானும் உருவுகிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். “பாட்டி, கொஞ்சம் உக்காரேன், பாக்கற எனக்குத் தலை சுத்துது” என்கிறாள் பேத்தி. அது அந்தக் கம்பெனி ஹாலில் ஒட்டிக்கொண்ட வியாதி. அங்கே எல்லோரும் நாற்காலியில்தான் இருப்பார்கள், ஆனால் யாரும் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றாது. மேசைக்குக் கீழே கால் ஆடும். நகத்தைக் கடிப்பார்கள். கண் ஸ்கிரீனில் ஓடும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போவார்கள்.

என்ன வேலை என்று கேட்கிறாயா? உன் மகள் உனக்குச் சொல்லவே இல்லையா? கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. வாட்ச்மேன் வேலைதான், கையில் கம்பு கிடையாது, அவ்வளவுதான். எங்கோ இருக்கிற பேங்க், ஆஸ்பத்திரி, துணி மில், எல்லாவற்றுக்கும் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு காவல். சுவர் நிறைய டிவி. மஞ்சள் வந்தால் கவனிக்க வேண்டும், சிவப்பு வந்தால் பறக்க வேண்டும். அதற்கு ‘அலர்ட்’ என்று பெயர், பெரும்பாலும் வருவதெல்லாம் ஒன்றுமில்லாதது. யாரோ பாஸ்வேர்டை மறந்து தப்பாகப் போட்டிருப்பார்கள். ஆனாலும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதி மூட வேண்டும். நாய் குரைக்கிற ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கச் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? அதுதான் அந்தப் பிள்ளைகளுக்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய கதை இல்லை. முதலில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை. சீசன் முடிந்தால் வீட்டுக்குப் போ என்பார்கள். அப்புறம் பர்கூரில் கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்தில் கூட்டிப் பெருக்கினேன், தூசி நெஞ்சைப் பிடித்தது. அப்புறம் ஒரு கான்ட்ராக்டர் ஓசூருக்கு ஏற்றிக்கொண்டு வந்து இந்தக் கண்ணாடிக் கட்டிடத்தில் இறக்கிவிட்டார். காபி மெஷினில் பச்சைப் பட்டன் டீ, பழுப்புப் பட்டன் காபி, சிவப்பைத் தொடாதே. படிப்பு அதோடு முடிந்தது.

முதல் நாள் எனக்கு ஒரே நடுக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவள், கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வது? பார்த்தால், வாசலில் ஒரு சின்ன மெஷின், ஒவ்வொருவராக வந்து கட்டைவிரலை வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். இன்ஜினியர், மேனேஜர், எல்லோரும். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. “அடேங்கப்பா, இங்க எல்லாருமே நம்ம ஜாதிதான், கைநாட்டு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள்தான் கோகிலா. பர்கூர் கவர்ன்மென்ட் காலேஜில் படித்துவிட்டு அவளும் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அன்றிலிருந்து என்னை ரத்னம்மாக்கா என்றுதான் கூப்பிடுவாள். வயதுக்கு நான் அவளுக்குப் பாட்டி. சரி, அக்கா என்றால் கசக்கவா செய்கிறது?

அந்த ஹாலின் கதவைப் பற்றிச் சொன்னால்தான் உனக்கு மற்றது புரியும். அது கார்டு காட்டினால் திறக்கும். ஒருவர் கார்டுக்கு ஒருவர்தான் போகலாம். நமக்குப் பின்னால் யார் வந்தாலும், கை நிறையச் சாமான் வைத்திருந்தாலும், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும், கதவைப் பிடித்துக்கொண்டு “வாங்க” என்று சொல்லக் கூடாது. கதவு மூடிய பிறகு அவர்கள் தங்கள் கார்டைக் காட்டி வரவேண்டும். திருடன் அப்படித்தான் சிரித்துக்கொண்டே பின்னாலேயே நுழைவானாம். நான் டீ வண்டியோடு நிற்பேன். எதிரே வருகிற பிள்ளைகள் கதவை விட்டுவிட்டுப் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு, “ஸாரிக்கா, ரூல்ஸ்” என்பார்கள். நான் கழுத்திலிருக்கிற கார்டைக் காட்டி, திரும்பி நின்று முதுகால் கதவைத் தள்ளி, வண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போவேன். அப்படியே பழகி, ஒரு நாள் வீட்டு வாசலிலும் தண்ணீர்க் குடத்தோடு முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்தேன். மருமகள் யாரோ என்று கத்திவிட்டாள்.

கதவு மட்டும் அப்படி இல்லை செல்வி. மெயிலும் அப்படித்தான். திருடர்கள் நல்ல நல்ல வார்த்தையாக எழுதி, ‘இதை அமுக்கு’ என்று மெயில் அனுப்புவார்களாம். அமுக்கினால் போச்சு. அதனால் கம்பெனியே தன் பிள்ளைகளுக்குப் பொய் மெயில் அனுப்பிச் சோதிக்கும். அமுக்கியவன் வகுப்பில் போய் உட்கார வேண்டும். சந்தேகப்பட்டு, மேலே இருக்கிற ஒரு பட்டனைத் தட்டிப் பிடித்துக் கொடுத்தவனுக்குப் பாராட்டு.

ஒரு தீபாவளிக்கு முன்னால் ஒரு மெயில் வந்தது. ‘ஊருக்குப் போகிறவர்களுக்குக் கம்பெனியே பஸ் ஏற்பாடு செய்கிறது, பெயர் கொடுங்கள்’ என்று. நவீன் என்கிற பையன், உங்கள் பக்கம்தான், சாத்தூரோ என்னவோ, துள்ளிக்கொண்டு போய் அமுக்கிவிட்டான். பாதி ஹால் அமுக்கியது. அது சோதனை. பண்டிகைக்கு மூட்டை கட்டுகிற நேரத்தில் அத்தனை பேரும் வகுப்பில் உட்கார்ந்தார்கள். நான் டீ கொண்டுபோனேன், ஒருவரும் கப்பைத் தொடவில்லை. நவீன் மட்டும் சொன்னான்: “யக்கா, இனிமே நம்ம கம்பெனி நமக்கு நல்லது பண்ணுதுன்னு யாராச்சும் சொன்னா, மொதல்ல அவனத்தான் பிடிச்சுக் குடுப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அந்தப் பண்டிகை முடிந்ததிலிருந்துதான் பேப்பர் போடுவது அதிகமாயிற்று. இங்கிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். அங்கே இதே வேலைக்கு ஆள் பிடிக்கக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை வந்தால் ஏதாவது ஒரு நாற்காலி காலி. நான் டீ போடுகிற பான்ட்ரி அலமாரியில் ஆளில்லாத கப்புகள் சேர்ந்துகொண்டே வந்தன.

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்லவில்லையே. சிவராஜ் சார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். தினமும் பைக்கில் பார்டரைத் தாண்டி வந்துவிட்டுப் போவார். கெட்டவர் இல்லை, ஒரு அதட்டல் கிடையாது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் கிணறு வெட்டிவிடலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் மெயில்தான் அனுப்புவார். அந்த ஆள் படித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார், சார் ஸ்கிரீனைப் பார்த்துத் தலையாட்டுவார். பேச்சு முடிந்தது. டீ வேண்டும் என்றால் என்னிடம் கேட்க மாட்டார். பான்ட்ரி வாசலில் வந்து எதையோ தொலைத்தவர் மாதிரி நிற்பார். நானாக, “சார், டீயா?” என்றால், “ஹௌது ரத்னம்மாவ்ரே” என்பார், ஆமாம் என்று. குடித்த கப்பைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். யாராவது பேப்பர் போட்டால் அவருக்கும் அது மெயிலில்தான் வரும். படிப்பார், எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்று ஹைவேயில் போகிற லாரிகளைப் பார்ப்பார், திரும்பி வந்து ‘வாழ்த்துகள்’ என்று பதில் போடுவார். போகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “அந்த ஆளுக்கு நாம இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணு.”

இப்போது நான் சொல்ல வந்த அந்த நாளுக்கு வருகிறேன். கீரையில் காம்பை விட்டுவிடாதே, பல்லில் மாட்டும்.

காலையில் கோகிலா பான்ட்ரிக்கு வந்தாள். முந்தின வாரம் இரவு ஷிஃப்ட், இந்த வாரம் காலை ஷிஃப்ட். அவள் உடம்புக்கு எது பகல், எது ராத்திரி என்று தெரியாது. நான் கொண்டுபோயிருந்த ராகி உருண்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, பெங்களூர்க்காரங்க ஓகே சொல்லிட்டாங்க. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள நான் பதில் சொல்லணும்.”

நான் உருண்டை டப்பாவை மூடினேன். “போறியா கண்ணு?”

“போகாம?”

“சம்பளம் ஜாஸ்தியா?”

“கொஞ்சம். அதுக்குப் போகல.” கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத்தன நாளா இங்க ஒக்காந்து வெறும் அலர்ட்ட மூடிக்கிட்டே இருக்கேன். என்னா வேணும், எப்படி இருக்கேன்னு ஒருத்தராவது கேட்டாங்களாக்கா? கேக்கவே வேணாம், நான் இருக்கேங்கறதாவது அவங்களுக்குத் தெரியுமா?”

அவள் போனால் அவளோடு நிற்காது. அவள்தான் அந்த டீமில் பழைய ஆள். புதுப் பிள்ளைகள் சந்தேகம் கேட்பது அவளிடம். அவள் எழுந்தால் ஒரு கொத்தாக எழுந்துவிடுவார்கள். ஏற்கெனவே, ஆள் இல்லாவிட்டால் ஓசூர் ஆபீஸையே பெங்களூரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பிள்ளைகளை ஏற்றி வருகிற வேன் டிரைவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சேர்த்துவிட்டால் அவர்களுக்கு வண்டி இல்லை, எனக்கு டீ வண்டி இல்லை. ஆனால் செல்வி, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது என் வேலை ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் பெண் இல்லாத ஹாலைத்தான் நினைத்தேன். அன்று முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. சர்க்கரை போட்ட டீயிலேயே மறுபடி சர்க்கரை போட்டேன்.

மதியம் ஒரு கேக் வந்தது. பெரிய டப்பா. பெரிய டிவியில் ஹெட் ஆபீஸ் மேடம் ஒருத்தர் தெரிந்தார், கைதட்டிக்கொண்டு. அன்று காலையில் ஒரு சோதனை மெயில் வந்ததாம். கோகிலா டீமில் ஒருவர்கூட ஏமாறவில்லையாம், அத்தனை பேரும் பட்டனைத் தட்டிப் பிடித்துக் கொடுத்துவிட்டார்களாம். மொத்த டீமும் பிடித்தால் கேக். அந்த மேடம் இங்கிலீஷில் என்னென்னவோ புகழ்ந்தார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

“யக்கா, மெயிலப் பாத்திருக்கணுமே!” என்றான் நவீன். “‘உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள், நீங்கள் எங்களுக்கு முக்கியம்’னு என்னா உருக்கம்! வெளி அட்ரஸ்ல இருந்து வருது, சாயந்திரத்துக்குள்ள அமுக்குன்னு அவசரப்படுத்துது. சின்னப்புள்ள கூடப் பிடிச்சிருவான்.”

“சிவராஜ் சார் பேரையே போட்டு அனுப்பியிருக்கானுங்க,” என்றாள் கோகிலா. “அவராவது, மனசுல இருக்கறதக் கேக்கறதாவது!”

அதற்கும் ஒரு சிரிப்பு. சிவராஜ் சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கத்தியை அவர் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கேக்கில் கத்தி இறங்காமல் நின்றது. நான்தான் வாங்கி வெட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் பான்ட்ரி வாசலில் வந்து நின்றார். “சார், டீயா?” என்றேன். தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அப்புறம் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“ரத்னம்மாவ்ரே, அந்த மெயில் நான் போட்டது.”

“எந்த மெயிலு சார்?”

“கேக் மெயில். டெஸ்ட் இல்ல. நிஜ.”

எனக்கு விளங்க நேரமாயிற்று. அவர் விட்டு விட்டுச் சொன்னார். ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருப்பது அவரைத் தூங்கவிடவில்லையாம். என்ன கொடுத்தால் இருப்பார்கள் என்று கேட்க நினைத்தாராம். நேரில் கேட்க வாய் வரவில்லை. அதனால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, வெளியே ஏதோ ஒரு கம்பெனியின் கேள்வித்தாளைப் பிடித்து, ஹெட் ஆபீஸிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டார். எந்தெந்த அடையாளம் இருந்தால் பொய் மெயில் என்று வகுப்பெடுத்ததே அவர்தான் செல்வி! வெளி அட்ரஸ், அவசரம், அன்பான பேச்சு. அத்தனையையும் தானே சேர்த்து எழுதி அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் அவர் சொல்லிக்கொடுத்தபடியே பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் போகவேண்டிய சோதனைதான் இது என்று ஹெட் ஆபீஸ் நினைத்துக்கொண்டது. சொல்லாமல் அனுப்பியதால் அந்த மேடத்திடம் வாயைத் திறக்கவும் முடியாது.

“சார், அதைப் போய்ப் புள்ளைங்க கிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?”

“ஏனந்த ஹேளலி?” என்றார். என்னவென்று சொல்வேன் என்கிறார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பதற்றமும் வந்தது. ஒரு பக்கம், யாருமே கேட்கவில்லை என்று ஒருத்தி கிளம்புகிறாள். இந்தப் பக்கம், கேட்டுவிட்டுப் பிடிபட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் கேக். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஒரு சேதி உள்ளே போனால் வெளியே வராமல் எனக்குச் சோறு இறங்காது. டீயை அவர் கையில் திணித்துவிட்டு நேரே கோகிலா நாற்காலிக்குப் போனேன்.

“கண்ணு, அது நெஜமான மெயிலாம். சார்தான் அனுப்பினாராம். உன்னக் கேட்டிருக்காரு, நீதான் பிடிச்சுக் குடுத்துட்ட.”

கோகிலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அக்கா, உங்களையும் டெஸ்ட்டுல சேத்துட்டாங்களா?”

“இன்னாடி பேசற! நான் எதுக்குப் பொய் சொல்றேன்?”

“நீங்க சொல்ல மாட்டீங்க. உங்கள யாராச்சும் சொல்ல வச்சிருப்பாங்க. இது அடுத்த லெவல் டெஸ்ட்டுக்கா,” என்றான் நவீன். “நல்ல ஆளா பாத்து அனுப்புவாங்க, அதான் ட்ரிக்கு.”

எனக்கு வந்த கோபத்தில் அவன் தட்டிலிருந்த கேக்கைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் கோகிலா சிரிக்கவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவர்களுக்கு ஒரு முறை உண்டு: சந்தேகமாக ஒரு மெயில் வந்தால் அதற்குப் பதில் போட்டுக் கேட்கக் கூடாது. அனுப்பியதாகச் சொல்லப்படுகிற ஆளிடம் நேரில் போய் ‘நீங்கள்தானா’ என்று கேட்கவேண்டும். நம்பிக்கை வரவில்லையென்றால், தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்ல வேண்டும்.

“சரி, ரூல்படியே கேட்டுடறேன்,” என்று எழுந்தாள்.

சார் கேபினுக்குத் திரும்பியிருந்தார். கண்ணாடி அறை. கேக் தட்டுகளை எடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியுமா சொல்லு? கோகிலா உட்காரவில்லை.

“சார், காலைல உங்க பேர்ல ஒரு மெயில் வந்துச்சு. அது நீங்க அனுப்பினதா?”

“ஹௌது,” என்றார். பிறகு தமிழில், “ஆமாம்மா. நான்தான்.”

“வெரிஃபை பண்ணணும் சார். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்க.”

அவள் குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது. சார் யோசித்தார். நான் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறேன், அவர் யோசிக்கிறார். வாயைத் திறந்தார், மூடினார். இத்தனை காலம் ஒரே ஹாலில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது என்று ஒன்றுகூடவா இருக்காது? ஊருக்குப் போனது, காய்ச்சலில் படுத்தது, திட்டியது, சிரித்தது, எதுவுமேயா? எனக்கும் அவளுக்கும் இடையே ஒரு மூட்டை இருக்கிறதே. நான் எடுத்துக் கொடுக்கலாமா என்று நாக்கு துடித்தது, ஆனால் நான் சொன்னால் அது செல்லாது.

கோகிலாவின் முகம் இறுகிவிட்டது. “பரவால்ல சார்,” என்று திரும்பினாள்.

“ஆஸ்பத்திரி கேஸ்,” என்றார் சார்.

அவள் நின்றாள்.

“அந்த அலர்ட்ட எல்லாரும் ஒண்ணுமில்லன்னு மூடிட்டாங்க. நீ மட்டும் திரும்பத் தொறந்தே. உள்ள திருடன் இருந்தான். நீ பாக்கலேன்னா அந்த ஆஸ்பத்திரி மொத்தமும் நின்னு போயிருக்கும். நான் கிளையன்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதினேன். அனுப்பறதுக்கு முன்னாடி சரி பாக்கச் சொல்லி உனக்கு மட்டும் அனுப்பினேன். அதுல உன் பேர் இருந்துச்சு.”

அவள் திரும்பி மேசைப் பக்கம் வந்தாள்.

“கிளையன்ட்டுக்குப் போனதுல இல்ல. நான் எடுத்துட்டேன். ‘டீம்’னு போட்டேன். அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது.”

“ஏன் சார் எடுத்தீங்க?” என்றாள்.

சார் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பேர் தெரிஞ்சா அவங்க உன்னையே கேப்பாங்க. உன்னக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். நீ இங்கயே இருக்கணும்னு எடுத்தேன்.”

செல்வி, நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இந்த மனுஷன் ஒருத்தி போய்விடக் கூடாது என்று அவள் பெயரை ஒளித்து வைத்திருக்கிறார். பெயர் இல்லை என்றுதான் அவள் போகிறாள்.

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி சார். வெரிஃபைடு. நீங்கதான் அனுப்பியிருக்கீங்க.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “மெயில்ல கேட்டத இப்ப வாயால கேளுங்க.”

அவர் தண்ணீர் குடித்தார். “நீ இங்க இருக்கணும்னா என்ன வேணும் கோகிலா?”

அவள் சொன்னாள். வாராவாரம் ஷிஃப்ட் மாற்றினால் உடம்பு தாங்கவில்லை, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். வெறும் அலர்ட்டை மூடுகிற வேலை போதும், திருடன் எப்படி நுழைந்தான் என்று துப்புத் துலக்குகிற வேலைக்கு என்னை விடுங்கள். அப்புறம், அந்தப் பெயர்.

“ஷிஃப்ட் என் கையில இருக்கு, மாத்தறேன். துப்புத் துலக்கற டீம் ஹெட் ஆபீஸ் கையில இருக்கு. கேக்கறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்.”

“பேரு?”

சார் மெதுவாகக் கையை நீட்டினார். கம்ப்யூட்டருக்குப் போகும் என்று நினைத்தேன், போனுக்குப் போயிற்று. நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். அந்த ஆஸ்பத்திரிக் கம்பெனிக்காரர் எடுத்தார். சார் எழுந்து நின்றுகொண்டு பேசினார். நெற்றியெல்லாம் வேர்வை. இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நடுவில் ‘கோகிலா’ என்று வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி ‘கோகிலா’. அந்தப் பக்கத்துக்காரரும் ‘கோகிலா?’ என்று கேட்டார், சார் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். அது எனக்குப் போதும் என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயந்திரம் அவள், ஹாலுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று லாக்கரில் வைத்திருந்த போனை எடுத்தாள். நான் பக்கத்தில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூர்க்கார அம்மாவிடம், “இப்ப வரல மேடம்” என்றாள். அவ்வளவுதான், ஒரு விளக்கம் கிடையாது. எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது, இடுப்பு விடவில்லை.

“அப்ப இங்கயே இருந்துடுவியா கண்ணு?” என்றேன்.

“இப்ப இருக்கேன்க்கா. அதுக்கு மேல என்னயே எனக்குத் தெரியாது,” என்றாள்.

மறுநாள் சிவராஜ் சார் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் நின்றார். பேச்சு வராமல் முதலில் நாற்காலி முதுகைத் தட்டுவார், பிறகு கேட்பார். நவீன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பெங்களூர் போய்விட்டான். சிலர் இருந்தார்கள். அந்த ஆபீஸ் இன்னும் இங்கேதான் இருக்கிறது. கோகிலாவும் இருக்கிறாள், துப்புத் துலக்குகிற டீமில். அது கிடைப்பதற்குள் சார் எத்தனை தடவை போனைப் போட்டுத் திக்கினார் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு நான் அவ்வப்போது போன் போடுகிறேன். எடுத்ததும் அவளே, “இருக்கேன்க்கா, இருக்கேன்” என்கிறாள்.

அது கிடக்கட்டும். இவ்வளவு நேரம் நானே பேசிக்கொண்டிருக்கிறேன், உன் கதையைக் கேட்கவே இல்லை பார்.

“ஆமா செல்வி, உம் பொண்ணு எதுக்குத்தான் வேலைய விடறாளாம்?”

“அத நான் கேக்கலியே யக்கா. சொன்ன நிமிசத்துல இருந்து ஏசிக்கிட்டுல்லா இருக்கேன்.”

“கேக்கவே இல்லயா?”

“ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருக்கா. காலைல இருந்து சாப்பிடல்ல.”

“அப்ப இங்க இன்னா பண்ணிகினு இருக்க? எந்திரி, மொதல்ல போய்க் கேளு. கீரய நான் பாத்துக்கறேன். போ... ஐயையோ, இது இன்னா சத்தம்? மாடியில இருந்து தண்ணி கொட்டுது! மோட்டாரப் போட்டுட்டு மறந்தே போயிட்டேன்டீ, டேங்க் ரொம்பி வழியுது, மருமக கொன்னுடுவா—”